ரேயஸ் வளர்ந்த கூடமும் எங்கள் கரம் பலகையும்

ஆசிரியர் அவர்கட்கு,

உங்கள் ஞாயிறு விளையாட்டுப் பக்கத்தில் பிலிப்பைன்ஸ் நாட்டு எஃப்ரன் ரேயஸ் பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். பில்லியட்ஸ் போல மேசையில் கோலால் பந்தை அடித்துக் குழியில் விழுத்தும் பூல் ஆட்டக்காரர் ஒருவருக்கு அரைப் பக்கம் ஒதுக்கியதற்கு நன்றி. பூலில் நைன்-பால், எய்ட்-பால் என்று வகைகள் உண்டு; 1999இல் கார்டிஃபில் வென்ற நைன்-பால் உலகப் பட்டம், 2004இன் எய்ட்-பால் உலகப் பட்டம் எல்லாம் கட்டுரையில் இருந்தன. ஆனால் அந்த மனிதர் எங்கே, எப்படி உருவானார் என்று ஒரு வரிகூட இல்லை. எனக்கு அது பெரிய குறை.

ஐந்து வயதில் பம்பங்காவிலிருந்து மணிலாவுக்கு வந்து, மாமாவின் பில்லியட்ஸ் கூடத்தில் வளர்ந்த பிள்ளை அவர். மேசை எட்டாது. கொக்கா-கோலாப் பெட்டிகளில் ஏறி நின்று அடிப்பார். பந்து எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் பெட்டியையும் நகர்த்துவார். இரவில் அதே மேசையில்தான் படுக்கை. அமெரிக்கர் அல்லாத ஒருவர் யூ.எஸ். ஓப்பன் நைன்-பால் போட்டியை முதன்முதலாக வென்றது 1994இல், அது இவர்தான். அப்போது வயது நாற்பதைத் தொட்டுவிட்டது. 1996இல் ஹொங்கொங்கில் அமெரிக்க ஆட்டக்காரர் ஏர்ல் ஸ்ட்ரிக்லண்டை 120க்கு 117 ஆட்டங்கள் என்று வென்று ஒரு லட்சம் டொலர் எடுத்தார். இத்தனைக்கும் அடித்தளம், அந்தப் பிள்ளையை மேசையடியிலிருந்து யாரும் துரத்தாததுதான்.

எங்கள் மாங்குளம் பக்கத்தில் நிலைமை வேறு. சனசமூக நிலையத்து வாசிகசாலையில் கரம் பலகை இருக்கிறது. போன மாதம் பத்து வயதுப் பெடியன் ஒருவன் வாங்கில் முழங்காலில் நின்று, எதிர்க்கட்டையில் பட்டுத் திரும்பிய அடியில் சிவப்பை விழுத்தினான். பார்த்துக்கொண்டு நின்றவர் "நல்ல அடி" என்றார். அடுத்த மூச்சிலேயே, "சரி, எழும்பு, பெரியாக்கள் விளையாடப் போகினம்" என்றார். அவனும் எழும்பிப் போய்விட்டான்.

கரம் என்றாலே பெற்றோருக்குப் படிப்புக் கெடும், காசு கட்டி ஆடப் பழகும் என்ற பயம். பயம் நியாயமானதுதான். ரேயஸும் பணப்பந்தயங்களில் ஆடி வந்தவர்தான், அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் பந்தயம் நாலு பேர் வந்து போகும் வாசிகசாலையில் நடப்பதில்லை. அங்கிருந்து துரத்தினால் பிள்ளை போய்ச் சேரும் ஒதுக்குப்புறத்தில்தான் நடக்கும். நாலு மணியிலிருந்து ஆறு மணிவரை பலகையைப் பிள்ளைகளுக்கென்று விடுங்கள். நன்றாக ஆடத் தெரிந்த பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுக்கட்டும். இதை எல்லா ஊர் நிர்வாகங்களிடமும் கேட்கிறேன்.

இன்னொன்று. நாங்கள் கிரிக்கெட் உலகக் கிண்ணம் வெல்வதற்கு 23 வருடங்களுக்கு முன்பே, 1973இல், பம்பாயில் உலக அமெச்சூர் பில்லியட்ஸ் பட்டத்தை வென்றவர் எங்கள் இலங்கை நாட்டு எம். ஜே. எம். லாபிர். எங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அவருடைய பெயரே தெரியாது. அடுத்த அரைப் பக்கத்தை அவருக்குக் கொடுங்கள். படம் கிடைத்தால் பெரிதாகப் போடுங்கள், வெட்டி வாசிகசாலைச் சுவரில் ஒட்டுவது என் பொறுப்பு.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மாங்குளம்.