தலை வலித்தால் ஏறாதே

அன்புள்ள தம்பிக்கு,

நீ கிளம்ப இன்னும் பதினொரு நாள்தான் இருக்கிறது என்று அம்மா சொன்னாள். என்னிடமும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சரி, போகட்டும். பூட்ஸ் புதிதென்றால் இன்றைக்கே போட்டு நடக்க ஆரம்பி. மலையில் போய்ப் பழக்கிக்கொள்ளலாம் என்று இருக்காதே.

எத்தனை பேர் போகிறீர்கள் என்று அம்மாவைக் கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை. போன பயணத்தின் படங்கள் எல்லாவற்றிலும் நீ மட்டும்தான் நிற்கிறாய். ஒவ்வொரு படமும் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. கல்லின் மேல் போனை வைத்து எடுத்தாய் போலிருக்கிறது. நான் ஒன்றும் கேட்கவில்லை.

3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, நேற்று படுத்த இடத்தைவிட இன்று படுக்கும் இடம் 500 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை அதே முகாமில் இன்னொரு இரவு தங்கு. இதெல்லாம் உனக்குத் தெரியும். போன வருஷம் 5,500 மீட்டர் போய் வந்தவன் நீ. அங்கே காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதிதான். அந்த உயரத்தை என் காலத்தில் என்னால் தொட முடியவில்லை. பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தேன். ஆனாலும் தலை வலித்தால் ஏறாதே. தண்ணீர் குடித்தால் சரியாகிவிடும் என்று நீயே முடிவு செய்யாதே.

சின்ன வயதில் துருவப் பயணி ஷாக்கிள்டன் கதையைத் திரும்பத் திரும்பக் கேட்பாயே. 1916 மே மாதம், அண்டார்க்டிகா பக்கத்துத் தீவான தெற்கு ஜார்ஜியாவின் மலைகளை அவரும் இன்னும் இருவருமாகக் கூடாரம்கூட இல்லாமல் கடந்தார்கள். களைப்பில் மற்ற இருவரும் தூங்கிவிட்டார்கள். எல்லோரும் தூங்கினால் குளிரில் யாரும் எழுந்திருக்க மாட்டோம் என்று அவர் மட்டும் விழித்திருந்தார். ஐந்தே நிமிஷத்தில் அவர்களை எழுப்பி, அரை மணி நேரம் தூங்கிவிட்டீர்கள் என்று சொல்லி நடக்க வைத்தார். அந்த இடம் வந்தால் நீ கை தட்டுவாய். தனியாகப் போகிறவனை யார் எழுப்புவார்கள் என்று ஒரு நாள் கேட்டாய். உனக்கு ஏழு வயது இருக்கும்.

எங்களுக்கும் இருபதுகளில் எல்லாம் சுலபமாக இருந்தது. சாயங்காலம் பேசினால் ராத்திரி கிளம்பிவிடுவோம். முப்பதுகளில் ஒருவனுக்கு லீவு கிடைத்தால் இன்னொருவனுக்குக் குழந்தை பிறந்திருக்கும். அப்புறம் வரைபடத்தை விரித்து வைத்துப் பேசுவதோடு சரி. ஆனாலும் நான் மனசு விட்டுப் பேசியது மலையில்தான். தாத்தா போன பிறகு எனக்குள் வந்த பயத்தை, எங்களோடு மலைக்கு வரும் கேமரா மாமாவிடம் ஓர் ஏற்றத்தில் நடந்துகொண்டே சொன்னேன். அவர் முன்னால் போய்க்கொண்டிருந்தார், திரும்பிப் பார்க்கவில்லை. அதனால்தான் சொல்ல முடிந்தது. உன்னோடு மலைக்கு வருவானே உன் சிநேகிதன், அவன் உனக்கு அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

மாமா பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவரை ராத்திரியோடு ராத்திரியாக இறக்கிக் கொண்டுவந்த கதை உனக்கு மனப்பாடம். அதற்கு முன்னால் விடிகாலையில் நடந்ததை நான் யாரிடமும் சொன்னதில்லை, அம்மாவிடம்கூட.

முகாம் 4,300 மீட்டரில் இருந்தது. எழுந்ததுமே தலை வலிக்கிறது என்றார். இரண்டு முறை வாந்தி எடுத்தார். மூன்று வருஷம் தள்ளித் தள்ளிப் போய் அமைந்த பயணம் அது. ராத்திரி தூக்கமில்லை, அவ்வளவுதான் என்று அவருக்காக நானே முடிவு செய்தேன். மதியத்துக்குள் கணவாயைத் தொட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்றேன். "இன்றைக்கு வேண்டாமே" என்றார். நான் போனேன்.

திரும்பும்போது மாலையாகிவிட்டது. கூடாரத்துக்கு வெளியே நின்றுகொண்டிருந்தவர் என்னைப் பார்த்து நடந்து வந்தார். குடித்தவரைப் போலக் கால் பின்னியது. கையுறையை எப்படி மாட்டுவது என்று தெரியாமல் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒன்றுமில்லை என்றார். மூளையில் நீர் கோத்துக்கொண்டால் அப்படித்தான், பாதிக்கப்பட்டவருக்கே தெரியாது. குதிகாலும் விரலும் ஒட்ட நேர்கோட்டில் நடக்கச் சொல்லி, தடுமாறினால் உடனே கீழே இறக்க வேண்டும். அதைச் சொல்ல எதிரில் ஓர் ஆள் வேண்டும். அன்று பகல் முழுக்க அந்த ஆள் அங்கே இல்லை. சுமை தூக்க வந்தவர்களும் நானுமாக இருட்டில் 700 மீட்டர் இறக்கினோம். விடியும்போதுதான் என் பெயரைச் சொன்னார்.

அதை நான் அவரைக் காப்பாற்றிய கதையாகவே சொல்லி வந்தேன். ஒரு முறை அவர் முன்னாலேயே சொன்னேன். அவர் மறுக்கவில்லை, தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அவர் வருவது குறைந்தது. நானும் கூப்பிடவில்லை. பதினாறு வருஷம். மாமாவுக்கு வேலை அதிகம் என்று உன்னிடம் சொன்னேனே, அது நானாகச் சொன்னது.

உனக்கும் உன் சிநேகிதனுக்கும் இடையே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. தப்பு யாருடையது என்றும் கேட்கவில்லை. அவனுடைய ஸ்லீப்பிங் பேக் இங்கே பரணில்தான் இருக்கிறது. ஜிப் சிக்கியிருந்தது, மெழுகு தேய்த்துச் சரி செய்துவிட்டேன். வெயிலிலும் போட்டு எடுத்து வைத்திருக்கிறேன். அவனே வந்து எடுத்துக்கொள்வானா, நீ கொண்டுபோய்க் கொடுக்கிறாயா என்று மட்டும் எழுது.

மாமாவின் பழைய நம்பரை நேற்று கூப்பிட்டுப் பார்த்தேன். வேறு யாரோ எடுத்தார்கள். அவருடைய தங்கையிடம் புது நம்பர் கேட்டிருக்கிறேன்.

பூட்ஸைப் போட்டு நட. தலை வலித்தால் ஏறாதே.

அப்பா