ரேடியேட்டரை மாற்றும் முன் கசிவைத் தேடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கத்திரி வெயிலில் பள்ளிகொண்டா, ஆம்பூர் பக்கம் நெடுஞ்சாலை ஓரம் பானட்டைத் திறந்துபோட்டு நிற்கும் கார்களுக்கு ஒரே வைத்தியம்தான் நடக்கிறது: ஒரு குடம் தண்ணீர், கசிவை அடைக்க ஒரு பிடி மஞ்சள் தூள், கடைசியில் "ரேடியேட்டர் போச்சு, மாத்திடுங்க" என்ற தீர்ப்பு. இன்ஜினைக் குளிர்விக்க ரேடியேட்டர் வழியாகச் சுற்றும் திரவம், அதாவது கூலன்ட், எங்கே ஒழுகுகிறது என்று தேடுவோர் குறைவு.

தேட அரை மணி நேரம் போதும். இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும். கூலன்ட்டை நிரப்பி, மூடி இருந்த இடத்தில் பிரஷர் டெஸ்டரை (அழுத்தம் காட்டும் முள் உள்ள கைப்பம்ப்) மாட்டி, மூடியில் பொறித்துள்ள அழுத்த அளவுக்குக் கையால் பம்ப் அடியுங்கள். பல கார்களில் அது 0.9 முதல் 1.1 பார். மீறினால் நன்றாக இருந்த இடமும் விட்டுக்கொடுத்துவிடும். முள் 15 நிமிடம் அசையாமல் நின்றால் நல்லது. இறங்கினால் டார்ச்சை எடுங்கள்.

முதல் சந்தேகம், ரேடியேட்டரின் அலுமினியக் கோரும் (மெல்லிய குழாய்கள் உள்ள நடுப்பகுதி) பிளாஸ்டிக் டேங்கும் சேரும் மடிப்பு. உள்ளே ரப்பர் காய்ந்து இறுகியிருக்கும். வெளியே பச்சையாகவோ ரோஸாகவோ பொருக்கு பூத்திருக்கும். பிறகு ரப்பர் குழாயை இறுக்கிப் பிடிக்கும் ஹோஸ் கிளாம்ப். வாட்டர் பம்ப்பின் அடியில் சிறு துளை ஒன்று உண்டு. அதில் சொட்டினால் எம்சீல் வைத்து அடைக்கிறார்கள், கொடுமை! உள் சீல் தேய்ந்ததைக் காட்டிக்கொடுக்கவே வைத்த துளை அது.

வெளியே எல்லாம் காய்ந்திருந்தும் முள் இறங்குகிறதா? முன்சீட்டுக் கால்மிதி ஈரமாக, இனிப்பு வாடையோடு இருந்தால், காருக்குள் வெப்பக்காற்று தரும் ஹீட்டர் கோர் ஒழுகுகிறது. ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்ததுமே டெஸ்டர் முள் விறுவிறுவென ஏறினால், இன்ஜின் ஹெட்டுக்கு அடியில் உள்ள சீலான ஹெட் கேஸ்கட் போயிருக்கிறது. புது ரேடியேட்டர் போட்டும் பயனில்லை. மூடியையும் விடாதீர்கள். வெளிக்காற்றைவிட 1 பார் கூடுதல் அழுத்தத்தில் தண்ணீர் கொதிக்க சுமார் 120 டிகிரி வேண்டும்; மூடியின் ஸ்பிரிங் தளர்ந்தால் 100 டிகிரியிலேயே கொதித்துக் கூலன்ட் பாட்டில் வழியாக வழிந்துவிடும். அதையும் கசிவென்றே நினைக்கிறார்கள். ஏசி ஓடும்போது சொட்டும் நிறமற்ற, வாடையற்ற தண்ணீருக்குப் பயப்பட வேண்டாம்.

"நம்மூரில் பனியா உறைகிறது, கூலன்ட் எதற்கு?" என்பவர்கள் பாலாற்றங்கரை போர் தண்ணீரைக் கொதிக்கவைத்த பாத்திரத்தைப் பார்க்கட்டும். அடியில் படியும் அதே வெள்ளைதான் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கிறது. தோல் கழிவு கலந்த பகுதிகளில் உப்பு இன்னும் அதிகம். அதிலுள்ள குளோரைடு அலுமினியத்தில் ஊசித்துளை போடும். மஞ்சள் தூள் அந்தத் துளையோடு நல்ல குழாயையும் சேர்த்தே அடைக்கும். கான்சன்ட்ரேட் கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி; கலந்தே விற்பதில் எதுவும் சேர்க்கக் கூடாது.

வழியில் வேறு கதியில்லை என்றால், வண்டியை அரை மணி நேரமாவது ஆறவிட்டு, ஆர்ஓ கேன் தண்ணீர் ஊற்றுங்கள். ஊர் போனதும் கசிவைச் சரிசெய்து, அதை முழுக்க வடித்துவிட்டுக் கூலன்ட் நிரப்புங்கள்.

கார் மெக்கானிக்குகள் சிலர்,
காட்பாடி.