நாய்க்குட்டிகளை அகற்றும் முன்: நமது தேயிலைத் தோட்டக் குடியிருப்புக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர், செயலாளர் மற்றும் குழு உறுப்பினர்களுக்கு,

பகல் வேளையில் ஓயாமல் ஊளையிடும் நாய்க்குட்டிகளை இம்மாத முடிவுக்குள் நமது வரிசை வீடுகளான லயன்களிலிருந்து அகற்ற வேண்டும் என்று கடந்த கூட்டத்தில் நீங்கள் எடுத்த தீர்மானம் குறித்து இம்மடலை எழுதுகிறேன். முறைப்பாடு செய்தவர்கள் மிகைப்படுத்திப் பேசவில்லை. இரவு முழுவதும் ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) வேலை செய்துவிட்டு வந்து காலையில் கண்ணயரும் ஒருவருக்கு, அடுத்த காம்பரா அறையில் குட்டியொன்று மணிக்கணக்கில் கத்துவது எத்தகைய தொல்லை என்பதை, ஒரே சுவரையும் ஒரே தகரக் கூரையையும் பங்கிட்டு வாழும் எவரும் அறிவர். பழைய லயன்களில் இடைச்சுவர் கூரையைத் தொடாத வீடுகளும் உண்டு. அங்கே ஒரு வீட்டின் இருமல்கூட மறுவீட்டுக்குக் கேட்கும். ஆகவே சத்தம் நிற்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. குட்டியை அகற்றினால்தான் சத்தம் நிற்கும் என்று முடிவு செய்ததைத்தான் மீண்டும் ஆராயும்படி கேட்கிறேன்.

குட்டி கத்துவது பிடிவாதத்தினால் என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். தாயோடும் கூடப் பிறந்த குட்டிகளோடும் ஒட்டிப் படுத்துப் பழகிய உயிர், தனித்துப் போனதும் தாய் தேடி வரட்டும் என்று குரல் கொடுக்கிறது. அந்தக் குரல் பிறவியிலேயே வந்தது. நமது தோட்டத்திலோ, கண் திறந்து சோற்றைத் தின்னத் தொடங்கியதுமே குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிடுகிறார்கள். ஏறத்தாழ எட்டு வாரம் வரையாவது அது தாயோடு இருக்க வேண்டும். நான்கு வாரத்தில் பிரித்தெடுத்து, மறுநாள் காலையிலேயே காம்பராவில் பூட்டிவிட்டு எல்லோரும் பிரட்டுக்கு (காலை ஆள்கணக்கெடுப்புக்கு) போய்விட்டால், அது கத்தாமலிருந்தால்தான் ஆச்சரியம்.

தனிமையைக் குட்டிக்குச் சிறிது சிறிதாகப் பழக்கலாம். வேலைக்குப் போவோரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் புதிதாக விடப்படும் குழந்தையை முதல் நாளே மாலை வரை விட்டுவிடாமல், தாய் சற்று நேரம் உடனிருந்து, பிறகு கொஞ்சம் விலகி, மெல்ல மெல்லப் பழக்குவதைப் போன்றதுதான் இதுவும். ஆள் வீட்டில் இருக்கும்போதே பழக்கத்தைத் தொடங்க வேண்டும். அடுப்படியில் வேலை நடக்கும்போது, ஒரு பலகையால் மறித்த மூலையில், வீட்டாரின் வாசனையுள்ள பழைய துணியை விரித்த சாக்கின் மேல் குட்டியைப் படுக்க விட வேண்டும். எந்நேரமும் காலடியிலேயே சுற்றிக்கொண்டிருக்கும் குட்டிக்கு, மூடிய கதவுக்குப் பின்னால் இருப்பது தாங்க முடியாததாகவே இருக்கும். மூலையில் அமைதியாகக் கிடக்கப் பழகிய பின்னர், வெளியே போய்க் கதவைச் சாத்தி உடனே திறக்க வேண்டும். பிறகு பத்து எண்ணும் வரை, பிறகு ஒரு நிமிடம், மூன்று நிமிடம், ஐந்து நிமிடம் என்று நீட்டலாம், இடையிடையே குறைத்தும் கொள்ளலாம். குட்டி அழத் தொடங்கும் முன்னரே திரும்பி வந்துவிடுவதுதான் இதில் முக்கியம். அழுதுவிட்டால் நேரம் அதிகமாகிவிட்டது என்று கொண்டு, அடுத்த முறை குறைக்க வேண்டும். தனித்து விடப்பட்ட குட்டியின் பதற்றம் பெரும்பாலும் ஆள் போன முதல் சில நிமிடங்களிலேயே உச்சத்துக்குப் போய்விடுகிறது. ஆகவே முதல் அரைமணி நேரத்தை அமைதியாகக் கடக்கக் கற்றுக்கொண்ட குட்டிக்கு, அதற்கு மேற்பட்ட நேரத்தை நீட்டுவது அவ்வளவு கடினமாக இருப்பதில்லை.

நம்மவர்கள் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. கொழுந்து பறிக்கப் போகையில் இடுப்பைச் சுற்றிக் கட்டும் விரிப்பான படங்கைக் கட்டிக் கூடையைக் கையில் எடுத்ததுமே, இவர்கள் போகப்போகிறார்கள் என்று குட்டிக்குத் தெரிந்துவிடுகிறது. கதவு சாத்தப்படும் முன்னரே அது நடுங்கத் தொடங்குகிறது. எனவே ஞாயிற்றுக்கிழமைகளிலும் போயா (பௌர்ணமி) விடுமுறை நாட்களிலும் படங்கைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து வெங்காயம் உரிக்கலாம். கூடையை எடுத்து மறுபடியும் இறக்கி வைக்கலாம். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். சில நாட்களில் கூடைக்கும் தனிமைக்கும் தொடர்பில்லை என்று குட்டிக்குப் பட்டுவிடும். புறப்படும் நேரத்தில், சோற்றோடு கொஞ்சம் கருவாட்டுத் தூளைப் பிசைந்து சாக்கின் மடிப்புகளுக்குள் ஒளித்துவைத்தால், அதைத் தேடித் தின்பதிலேயே முதல் சில நிமிடங்கள் கழியும். வேகவைத்த கோழி எலும்பை மட்டும் போட்டுவிட்டுப் போகக் கூடாது. அது சிம்பு சிம்பாக உடைந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும்.

"கத்தட்டும், கத்திக் கத்தித் தானாக ஓய்ந்துவிடும்" என்ற யோசனையும் கூட்டத்தில் வந்தது. களைத்துப்போய் அடங்குகிற குட்டி எதையும் கற்றுக்கொள்வதில்லை. மறுநாள் அதைவிட அதிகமான பயத்தோடுதான் தொடங்கும். மாலையில் வந்து, கிழிந்த சாக்கையும் நனைந்த தரையையும் காட்டி அடிப்பதாலும் பயனில்லை. தலையைத் தாழ்த்திக் கண்ணைத் திருப்பிக்கொள்ளும் நாயைப் பார்த்து, "செய்த குற்றம் அதற்கே தெரிகிறது" என்கிறோம். நாய்களின் அறிவை ஆராயும் அலெக்ஸாண்ட்ரா ஹொரோவிட்ஸ் 2009இல் வெளியிட்ட ஆய்வில், நாய் உண்மையில் தவறு செய்ததா இல்லையா என்பதைவிட, எசமானர் திட்டினாரா என்பதைப் பொறுத்தே அந்த முகபாவம் தோன்றியது தெரியவந்தது. காலையில் நடந்ததற்கு மாலையில் அடி வாங்கும் குட்டி, ஆள் திரும்பி வருவதற்கும் அஞ்சத் தொடங்குகிறது.

சத்தம் அயலாருக்குக் கேட்காதிருக்கட்டும் என்று குட்டியை லயனுக்குப் பின்னால், மரக்கறிப் பாத்தியோரத்தில் கட்டிவிட்டுப் போகும் வீடுகளும் உள்ளன. கட்டிப்போட்ட குட்டியின் பயம் இரட்டிப்பாகும் என்பது ஒருபுறமிருக்க, தேயிலை மலைகளில் சிறுத்தை நடமாடுவதையும் அது முதலில் நாயைத்தான் தூக்கும் என்பதையும் உங்களுக்கு நான் எழுதத் தேவையில்லை. மழையும் பனியும் ஒரு குட்டிக்குப் போதுமான தண்டனைதான்.

இவையெல்லாம் செய்யக் கூடியவையா என்று நீங்கள் கேட்பது நியாயமே. கொழுந்து மலையில் நிற்பவர் ஐந்து நிமிடத்துக்கொருமுறை வீட்டுக்கு ஓடி வர முடியாது. தாமதித்தால் அரைப் பேர்தான் (அரைநாள் சம்பளம்தான்) விழும். அதனால்தான் ஏப்ரல், ஓகஸ்ட், டிசம்பர் பாடசாலை விடுமுறைகளைப் பயன்படுத்தச் சொல்கிறேன். பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள். மேற்சொன்ன பயிற்சியைப் பெரியவர்களைவிடப் பொறுமையாகச் செய்வார்கள். ஆனால் விடுமுறை முழுவதும் குட்டியை மடியிலேயே வைத்துக் கொஞ்சிவிட்டுப் பாடசாலை தொடங்கும் நாளில் திடீரெனப் பூட்டிவிட்டுப் போனால், நிலைமை முன்னிருந்ததைவிட மோசமாகும். விடுமுறையின் முதல் நாளிலேயே பழக்கத் தொடங்க வேண்டும்.

பழகிய குட்டியாயினும் முழு வேலைநாளும் பூட்டிவைக்கத் தக்கதன்று. இரண்டு, மூன்று மாதக் குட்டியால் பகலில் இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்க முடியாது. நமது ஒவ்வொரு லயனிலும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தாத்தாவோ அம்மாயியோ இருக்கிறார்கள். முற்பகலில் ஒருமுறை கதவைத் திறந்து, குட்டியை வெளியே விட்டு, தண்ணீர் வைக்க அவர்களால் முடியும். குழு கேட்டுக்கொண்டால் அவர்கள் மறுக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

எல்லாக் குட்டிகளும் பழகிவிடும் என்று நான் உறுதி கூறவில்லை. கதவைப் பிறாண்டி நகத்தில் இரத்தம் வருகிற, வாயில் உமிழ்நீர் ஒழுக உணவைத் தொடாமல் கிடக்கிற குட்டியை மிருக வைத்தியரிடம் காட்ட வேண்டும். பகலில் ஆள் இருக்கும் வேறொரு வீட்டுக்குக் கொடுப்பதே அதற்கு நல்லதாகவும் இருக்கலாம். அப்படிப்பட்டவை சிலவே. தீர்மானத்தின்படி "அகற்றப்படும்" குட்டிகளோ எங்கே போகும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும்: சாக்கில் கட்டி, பிரதான வீதியின் பஸ் தரிப்பிடத்தில் விட்டுவிடுவார்கள். அவற்றில் பெரும்பாலானவை பெட்டைக் குட்டிகளாக இருக்கும். தப்பிப் பிழைப்பவை விசர்நோய்த் தடுப்பூசி இல்லாமல் தெருவில் வளர்ந்து, அங்கேயே குட்டி போடும்.

எனவே தீர்மானத்தை அடுத்த பாடசாலை விடுமுறை முடியும் வரை நிறுத்திவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அதற்குள் எட்டு வாரத்துக்கு முன் குட்டி கொடுப்பதில்லை, வீட்டுக்கு ஒரு குட்டிக்கு மேல் வளர்ப்பதில்லை என்ற இரண்டையும் குழு விதியாக்கலாம். நலன்புரி உத்தியோகத்தர் மூலம் அரச மிருக வைத்திய அலுவலகத்துக்கு எழுதி, தடுப்பூசிக்கும் கருத்தடைச் சத்திரசிகிச்சைக்கும் ஒரு நாளைக் கேட்கலாம். விடுமுறைக்குப் பின்னரும் எந்த வீட்டிலிருந்து சத்தம் வருகிறதோ, அந்த வீட்டாரை அழைத்து விசாரிக்கும் உரிமை குழுவுக்கு உண்டு. அப்போது நான் குறுக்கே நிற்க மாட்டேன். இவ்விடயத்தை அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்த்து, முறைப்பாடு செய்த இரவு வேலைக்காரர்களையும் அழைக்குமாறு வேண்டுகிறேன். பயிற்சியைச் செய்து காட்டுவதற்கு, பக்கத்து வீட்டுக் குட்டியோடும் ஒரு படங்கோடும் நான் வருகிறேன்.

இங்ஙனம்,
மேற்பிரிவு லயனில் வசிக்கும் ஓர் ஆசிரியை