ஒன்று, ஐந்து, இருநூறு

டர்பன், தென்னாப்பிரிக்கா,
புரட்டாசி முதல் வாரம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வரன் அமைந்ததைக் கேட்டு வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அம்மாவின் மூட்டுவலி எப்படி இருக்கிறது? அதைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை.

"ஐம்பது வயதுக்கு மேல் என்னடா ஆராய்ச்சி? கட்டி முடித்த கட்டடத்தில் ஆராய என்ன இருக்கிறது?" என்று கேட்டிருந்தாய். இருபது வருஷமாக ஆஸ்பத்திரிக் கட்டடத்தைப் பராமரிக்கிறவன் நீ. நீயே இப்படிக் கேட்டது மனசை உறுத்தியது. சரி, கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

பாலிடெக்னிக்கில் நமக்குக் கட்டத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். எஸ்டிமேட், பார் சார்ட், சிமென்ட் கணக்கு. சாவியை ஒப்படைத்த மறுநாளிலிருந்து அந்தக் கட்டடம் என்ன ஆகும் என்று யாரும் பேசவில்லை. கட்டுமான மேலாண்மை ஆராய்ச்சியும் பெரும்பாலும் தாமதம், கூடிப்போன செலவு, ஒப்பந்தத் தகராறு என்று அந்தச் சாவியோடு நின்றுவிடுகிறது. கட்டடப் பராமரிப்புச் சேவைகளுக்கு ஐஎஸ்ஓ 41001 என்ற சர்வதேசத் தரநிலையே 2018-ல்தான் வந்தது. இந்த நாட்டில் அரசுக் கட்டடங்களைத் திட்டம் போட்டு நிர்வகிக்க வேண்டும் என்று 2007-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். சமூகத்தார் சேர்ந்து கட்டிய மண்டபங்களுக்கும் தமிழ்ப் பள்ளிகளுக்கும் அப்படி எதுவும் கிடையாது. என் ஆராய்ச்சி அவற்றைப் பற்றித்தான்.

ஆரம்பத்திலேயே ஒரு அடி பட்டது. ஆய்வுத் திட்டத்தின் முதல் பக்கத்தில் 1:5:200 என்ற விகிதத்தைப் பெரிதாகப் போட்டிருந்தேன். நீயும் கேள்விப்பட்டிருப்பாய். ஒரு அலுவலகக் கட்டடத்தைக் கட்ட ஒரு ரூபாய் ஆனால், அதைப் பல வருஷம் பராமரித்து நடத்த ஐந்து ரூபாய், அதற்குள் வேலை செய்கிறவர்களின் சம்பளம் முதலான செலவு இருநூறு ரூபாய். பிரிட்டனின் ராயல் அகாடமி ஆஃப் இன்ஜினியரிங் 1998-ல் வெளியிட்ட கட்டுரை ஒன்றிலிருந்து கிளம்பிய எண் இது. கட்டடப் பராமரிப்பைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் இதைச் சொல்வார்கள். என் வழிகாட்டி அதைப் பென்சிலால் சுழித்து, பக்கத்தில் "யார் அளந்தது?" என்று மட்டும் எழுதிக் கொடுத்தார்.

தேடிப் போனேன். எனக்கு முன்னாலேயே அந்த வேலையைச் செய்திருக்கிறார்கள். ரெடிங் பல்கலைக்கழகத்தின் வில் ஹியூஸும் இன்னும் மூன்று பேரும் 2004-லேயே மூலக் கட்டுரையைப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். அந்த மூன்று எண்ணுக்கும் அடியில் எந்தத் தரவையும் அது காட்டவில்லை. கையில் கிடைத்த நிஜமான செலவுகளை வைத்து அவர்கள் போட்ட கணக்கில் வந்தது 1:0.4:12. எத்தனை வருஷத்துக்குப் பார்க்கிறோம், நாளைய செலவை இன்றைய மதிப்புக்கு எப்படி மாற்றுகிறோம், எதை எதைச் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து எண் மாறிவிடும். எல்லாக் கட்டடத்துக்கும் பொருந்துகிற ஒரே விகிதம் என்று ஒன்று இல்லை. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எத்தனை மேடையில் அந்த இருநூறை நானும் சொல்லியிருக்கிறேன்!

அப்புறம்தான் நோட்டுப் புத்தகத்துக்கு வந்தேன். டர்பனின் மியர்பேங்க் பக்கம், கடலுக்குக் கிட்டத்தில் ஒரு மண்டபம். அதைப் பார்த்துக்கொள்ளும் பெரியவருக்கு எழுபதைத் தாண்டியிருக்கும். இங்கேயே பிறந்தவர், தமிழ் கொஞ்சம்தான் வரும். "வாங்க தம்பி, உக்காருங்க" என்று சொல்லி மண்டபத்தில் செய்த வேலைகளை எழுதிவைத்த நீள நோட்டு ஒன்றை அலமாரியிலிருந்து எடுத்து வைத்தார். எல்லாம் ஆங்கிலத்தில்தான் எழுதியிருக்கிறார். ஆனால் மாதம் மட்டும் ஆடி, புரட்டாசி, தை!

காரணம் கேட்டேன். மாரியம்மனுக்குக் கஞ்சி ஊற்றுகிற ஆடியில்தான் கூட்டம் அதிகம், கக்கூஸ் குழாய்கள் பாடுபடும். இங்கே அது குளிர்காலம், மழை குறைவு. கஞ்சி முடிந்த கையோடு ஏணியைப் போட்டுக் கூரை ஓரத்துத் தகரக் கால்வாயில் சேர்ந்த மாஞ்சருகை அள்ளிவிடுவார். உப்புக் காற்றில் துருப்பிடித்த கூரை போல்ட்டுகளைப் புரட்டாசி விரதத்துக்குள் மாற்றிவிட வேண்டும். ஐப்பசி பிறக்கும் முன்னேயே இங்கே மழைக்காலம் தொடங்கிவிடும். தைக் காவடி நல்ல மழையிலும் வெயிலிலும் வரும், அப்போது கூரைமேல் யாரையும் ஏற்ற முடியாது. எந்தப் பல்கலைக்கழகமும் அவருக்குச் சொல்லித்தராத பராமரிப்பு அட்டவணை இது.

2022 ஏப்ரல் வெள்ளம் உனக்கு நினைவிருக்கும். டர்பனிலும் சுற்றுப்புறத்திலும் நானூறுக்கு மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். பெரியவரின் நோட்டில் அந்த நாளின் பக்கத்தைத் தேடிப் பார்த்தேன். "பங்குனி கடைசி. இரவெல்லாம் மழை. பின்பக்க வடிகால் அடைப்பு. நானும் பேரனும் எடுத்தோம்." அவ்வளவுதான் எழுதியிருந்தார். அந்த இருட்டில் தாத்தாவும் பேரனும் முழங்கால் தண்ணீரில் நின்று கையால் சேற்றை அள்ளியதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு அடைக்கிறது.

மண்டபத்துக்கு வரைபடம் ஒன்றுகூட இல்லை. கட்டியவர்கள் கொடுக்கவில்லையா, கொடுத்தது தொலைந்ததா, யாருக்கும் தெரியாது. தரைக்கடியில் குழாய் எங்கே போகிறது என்பதைப் பெரியவர் காலால் தட்டித் தட்டிக் காட்டினார். "இங்கே வளையுது தம்பி." நான் பின்னாலேயே சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டு போனேன். அவருக்கு முழங்கால் போய்விட்டது, இந்த வருஷம் ஏணி ஏறவில்லை. பேரன் கேப்டவுனில் வேலைக்குப் போய்விட்டான். அவருக்குத் தெரிந்ததெல்லாம் அவரோடேயே போய்விடக் கூடாது. நான் ஆராய்கிறது அதைத்தான், வேறொன்றும் இல்லை.

மூன்று மண்டபங்களின் கணக்கு இதுவரை சேர்ந்திருக்கிறது. அதை வைத்து எந்த விகிதமும் சொல்ல மாட்டேன், கேட்காதே. உன்னிடம் வேண்டியது வேறு. உங்கள் ஆஸ்பத்திரியில் வார்டு சிஸ்டர்கள் எழுதும் புகார் ரெஜிஸ்டர் இருக்குமே, மேலிடத்தில் அனுமதி கேட்டு ஒரு வருஷப் பக்கங்களைப் போட்டோ எடுத்து அனுப்பு. பெயர்களை மறைத்துவிடு. எந்தப் புகார் எந்த மாதத்தில் வருகிறது, எத்தனை நாளில் தீர்ந்தது என்று மட்டும் பார்க்க வேண்டும். எழுத்து கோணலாக இருந்தாலும் பரவாயில்லை.

கல்யாணம் முடிந்து மூச்சு விட்டதும் தை மாதம் கிளம்பி வா. காவடி பார்க்கலாம், பெரியவரிடமும் கூட்டிப் போகிறேன். இங்கே அப்போது நல்ல கோடை, பருத்திச் சட்டையாக எடுத்து வை.

உன் பழைய அறைத்தோழன்