பிடியரிசிக் கலயத்தை இறக்கித் தந்தவர்களுக்கு

கர்த்தருக்குள் அன்பான ஊராருக்கும், வெளியூரில் இருக்கும் சொந்தங்களுக்கும் ஸ்தோத்திரம்.

நம் ஊர் முன்னோர்களைப் பற்றிய சின்னப் புத்தகம், ஊர்கூடிக் கோயிலில் விருந்துண்ணும் அசனப் பண்டிகைக்கு முந்தின நாள் அச்சாகி வந்துவிட்டது. அட்டையில் என் பெயர் இருந்தாலும் உள்ளே இருப்பதில் முக்கால்வாசி நீங்கள் கொடுத்தது. பண்டிகை அன்று பந்தி விசாரிப்பிலும் விருந்தாளிகளை வழியனுப்புவதிலும் பொழுது போய்விட்டது. யாரிடமும் நின்று நாலு வார்த்தை நன்றி சொல்ல முடியவில்லை. அந்தக் குறை மனதில் கிடந்து உறுத்துகிறது. அதனால் இந்த மடல்.

இது எப்படித் தொடங்கியது என்பதைச் சிலர் மட்டுமே அறிவார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கல்லறைத் தோட்டத்தில் முள் வெட்டினோம். வேலியோரம் ஒரு பழைய கல்லறை வெளியே வந்தது. சுண்ணாம்புப் பூச்சு, மேலே ஒரு சிலுவை, அவ்வளவுதான். பெயர் இல்லை. யாருடையது என்று அங்கே நின்ற எல்லாரையும் கேட்டேன். எங்கள் குடும்பமாக இருக்கலாம் என்று மூன்று வீட்டுக்காரர்கள் சொன்னார்கள். நிச்சயமாக யாருக்கும் தெரியவில்லை.

நம் பக்கத்தில் மெஞ்ஞானபுரம் என்றால் ஜான் தாமஸ் ஐயர், இடையன்குடி என்றால் கால்டுவெல் ஐயர், நாசரேத் என்றால் மர்காஷிஸ் ஐயர். போதகர்களை ஐயர் என்றுதான் நாம் அழைப்போம். இந்தப் பெயர்களைச் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். 1785-இல் பிரதிஷ்டையான பாளையங்கோட்டைக் கோயிலைக் கட்டியவர் குளோரிந்தா அம்மையார் என்பதும் தெரியும். அவர்கள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. மெஞ்ஞானபுரத்தின் 192 அடிக் கோபுரத்தைச் செம்மணல் தேரி மேட்டிலிருந்து பார்த்து வளர்ந்தவன் நான். ஆனால் அந்தக் கோயில்களில் தரையில் உட்கார்ந்து, எழுத்து தெரியாமல், ஊர்ச் சபை ஊழியரான உபதேசியார் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லியே சங்கீதங்களை மனப்பாடம் பண்ணிய அம்மாமார் யார் யார்? பனையிலிருந்து இறங்கிய கையோடு மாலை ஜெபத்துக்கு ஓடி வந்த தாத்தாமார் பெயர் எங்கே இருக்கிறது? அதைத் தேடித்தான் உங்கள் ஒவ்வொருவர் வீட்டுத் திண்ணைக்கும் வந்தேன்.

முதல் நன்றி கீழத்தெருப் பெரியம்மைக்கு. பெயர் போட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள், அதனால் போடவில்லை. நான் போன அன்று, "எனக்கு என்னய்யா தெரியும்" என்று சொல்லிக்கொண்டே பேரனை ஏணியில் ஏற்றிப் பரணிலிருந்து ஒரு மண்கலயத்தை இறக்கச் சொன்னார்கள். கையகலம் வாய், வயிற்றில் ஆணியால் கீறிய சிலுவை. வாய்விளிம்பில் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து வழவழப்பாக இருந்தது. ஏன் என்று கேட்டதற்கு, "எங்கம்மை கை அந்தப் பக்கமாத்தான் போகும்" என்றார்கள். உலையில் அரிசி போடும் முன்னால் ஒரு பிடி எடுத்து இந்தக் கலயத்தில் போட்டுவிட்டுத்தான் மிச்சத்தைக் களைவார்களாம். ஞாயிற்றுக்கிழமை கலயம் கோயிலுக்குப் போகும்.

இதுவரைக்கும் நம்மில் எல்லாரும் கேட்டதுதான். அப்புறம் பெரியம்மை சொன்னதுதான் என்னை உலுக்கியது. பேர்தான் பிடியரிசி. இந்தச் செம்மண் தேரியில் அரிசிச் சோறு பண்டிகைக்கும் விருந்துக்கும்தான். மற்ற நாளில் கலயத்தில் விழுந்தது கம்பும் சோளமும். அதுவும் இல்லாத நாளில் ஒரு துண்டு கருப்பட்டி. வெறுங்கலயமாக மட்டும் ஒருநாளும் விட்டதில்லை. ஒருமுறை ஒன்றுமே இல்லாமல் போனபோது அவர்கள் அம்மை முருங்கைக் கீரையை உருவிக் கலயத்தின் மேல் வைத்தார்களாம். ஞாயிறு ஆராதனை முடிந்து ஏலம் விட்டபோது அந்தக் கீரையை ஒருவர் காலணாவுக்கு எடுத்து, அதை அவர்கள் வீட்டிலேயே கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். எடுத்தவர் யார் என்று பெரியம்மைக்குத் தெரியவில்லை. தெரிந்தால் அந்தக் குடும்பத்துக்கும் இங்கே நன்றி எழுதியிருப்பேன்.

1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியபோது, வெளிநாட்டுப் பணம் வேண்டாம், நம் ஜனங்கள் கொடுப்பதை வைத்தே ஊழியம் செய்வோம் என்று தீர்மானித்தார்கள். பக்கத்து வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா ஐயர் அதில் முன்நின்றவர். பின்னால் தோர்ணக்கல்லில் பேராயர் ஆனவர். தெலுங்கு நாட்டுக் கிராமங்களுக்கு நம்மூர்க்காரர்கள் ஊழியத்துக்குப் போனார்கள் என்று பெருமையாகப் பேசுகிறோமே, அந்தத் துணிச்சல் இந்த மாதிரிக் கலயங்களை நம்பித்தான் வந்திருக்க வேண்டும் என்று அன்றைக்கு அந்தத் தேய்ந்த விளிம்பைத் தொட்டுப் பார்த்தபோது எனக்குத் தோன்றியது.

அடுத்து, உபதேசியார் பேரன் அண்ணாச்சிக்கு. தாத்தாவின் நோட்டு ஐந்தையும் ஒரு தலையணை உறையில் போட்டுக் கட்டிக் கொடுத்தீர்கள். எத்தனை நாள் வேண்டுமானாலும் வைத்துக்கொள் என்றும் சொன்னீர்கள். அந்த நம்பிக்கைக்கு நான் எப்படி நன்றி சொல்வேன்! உபதேசியார் என்றால் பிரசங்கம் பண்ணுகிறவர் என்று மட்டுமே நினைத்திருந்தேன். நோட்டைப் படித்தால் அவருக்குத் தூங்க நேரம் இருந்ததா என்றே சந்தேகம் வருகிறது. ஆட்கள் பனையேறப் போகும் முன்னால், இருட்டோடு மணியடித்துக் காலை ஜெபம். அப்புறம் அதே கட்டடத்தில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். மத்தியானம் நோயாளி வீடுகள். கொழும்புக்குப் பிழைக்கப் போனவர்கள் எழுதிய கடிதங்களை அவர்கள் பெண்சாதிகளுக்கு வாசித்துக் காட்டி, பதிலும் எழுதிக் கொடுக்க வேண்டும். யார் வீட்டில் என்ன கஷ்டம் என்பது அவருக்குத்தான் முதலில் தெரிந்திருக்கிறது. தெரிந்ததை வெளியே விடவில்லை. நோட்டில்கூடக் கடிதம் வந்தது, வாசித்தேன் என்பதோடு நிறுத்தியிருக்கிறார்.

பேதி வந்த வருஷத்துப் பக்கங்களை என்னால் ஒரே மூச்சில் வாசிக்க முடியவில்லை. ஒரு பக்கத்தில் ஏழு பெயர், ஏழுக்கும் எதிரே அடக்கம் என்று எழுதியிருக்கிறது. ஐந்தாவது பெயர் அவருடைய சொந்த மகள். மற்ற பெயர்களை எழுதிய அதே மை, அதே அளவு எழுத்து. அன்று சாயங்காலம் ஜெபத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கும் கீழே இருக்கிறது. அண்ணாச்சி, இந்தப் பக்கத்தைப் புத்தகத்தில் போடலாமா என்று தயங்கித்தான் உங்களிடம் கேட்டேன். "போடு, எல்லாரும் பாக்கட்டும்" என்றீர்கள்.

பனை வேலையைப் பற்றி எனக்கு விளக்கிய மூன்று தாத்தாமாருக்கும் நன்றி. காலையும் மாலையும் அதே மரங்களில் ஏறிப் பாளையை மெல்லிசாகச் சீவிவிட வேண்டும், ஒருநாள் விட்டாலும் பாளை காய்ந்துபோகும். பாளையில் கட்டும் கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். சுண்ணாம்பு தடவ ஒருநாளும் மறக்காத மனுஷன் என்றுதான் அந்தக் காலத்தில் ஒரு விசுவாசியைப் பற்றி நல்லவிதமாகச் சொல்வார்களாம். ஞாயிற்றுக்கிழமையும் பாளை சீவாமல் இருக்க முடியாது. அதனால் அன்று இறக்கிய பதநீரைக் கோயிலுக்கென்று தனியாகக் காய்ச்சியிருக்கிறார்கள். மரத்தின் மேலே இருக்கும்போது கோயில் மணி கேட்டால் மட்டை இடுக்கில் காலை ஊன்றிக்கொண்டு பரமண்டல ஜெபத்தைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் அரிவாளை எடுப்பாராம் ஒருவர். தாத்தா அதைச் சொல்லும்போது, உட்கார்ந்திருந்த கட்டிலிலேயே காலை அப்படி ஊன்றிக் காட்டினார்கள். புத்தகம் அச்சாகும் முன்பே கர்த்தருக்குள் நித்திரையடைந்துவிட்டார்கள். அவர்கள் பிள்ளைகளுக்கு என் கண்ணீரோடு கூடிய நன்றி.

விடிலி என்ற குடிசையில் பதநீர் காய்ச்சிய அம்மாமார் பாடிய பாட்டுகளை, மும்பையில் இருக்கும் மைனி தன் அம்மாவைப் பாடச் சொல்லி வாட்ஸ்அப்பில் பதிவு பண்ணி அனுப்பினார்கள். பதினொரு கீர்த்தனை. பின்னால் குக்கர் சத்தம் கேட்கிறது, அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது.

பதிவேடுகளைப் பார்க்க அனுமதி தந்த சேகரத்துப் போதகர் ஐயா, பழைய கையெழுத்தையும் தமிழ் எண்களையும் பொறுமையாக வாசித்துச் சொன்ன ரிட்டையர்டு டீச்சர், ராத்திரி கண்விழித்து டைப் அடித்த தம்பி, பழைய போட்டோக்களை ஸ்கேன் பண்ணிவிட்டுக் காசு வாங்க மறுத்த ஸ்டுடியோக்காரர், எல்லாருக்கும் நன்றி.

மேலத்தெரு இந்துப் பெரியவருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். மாலை ஜெபம் முடிந்து வரும்போது பெண்கள் பாடிக்கொண்டே வருவார்கள், அதைக் கேட்டுத்தான் தன் அம்மா விளக்கேற்றுவார்கள் என்று சொன்னீர்கள், ஐயா. நம் ஆட்களிடம் இரண்டு வருஷம் கேட்டும் எனக்குக் கிடைக்காத செய்தி அது.

ஒரு மனவருத்தத்தையும் மறைக்காமல் எழுதுகிறேன். பக்கத்து ஊர் ஒன்றில் கோயிலைப் புதுப்பித்தபோது, செல்லரித்த பழைய காகிதம் என்று ஒரு டிரங்குப் பெட்டியையே எரித்துவிட்டார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது சாம்பல்கூட இல்லை. உங்கள் வீட்டில் பழைய நோட்டு, கடிதம், ஓரத்தில் பிறப்பு இறப்பு எழுதிய வேதாகமம் எது இருந்தாலும் தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள். ஒரு போன் போடுங்கள், நானே வந்து பார்த்துக்கொள்கிறேன்.

கடைசியாக ஒரு உதவி கேட்கிறேன். புத்தகத்தின் நாற்பதாம் பக்கத்தில் கோயில் முன்னால் எடுத்த ஒரு படம் இருக்கிறது. ஒன்பது பேர் நிற்கிறார்கள். எட்டுப் பேருக்குப் பெயர் கண்டுபிடித்துவிட்டோம். இடப்பக்கம் மூன்றாவதாக, இடுப்பில் பிள்ளையோடு நிற்கும் அம்மா யார் என்று தெரியவில்லை. வலது காதில் மட்டும் பாம்படம் இருக்கிறது. பிள்ளையின் கை அவர்கள் தோளில் இருக்கும் வேதப்புத்தகப் பையைப் பிடித்திருக்கிறது. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் ஒருமுறை படத்தைக் காட்டிக் கேளுங்கள்.

உங்கள் ஊர்க்காரன்