பின்பக்கத்து 1813-ஐப் பார்த்து ஏமாற வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

நெல்லை, பாளையங்கோட்டைப் பக்கம் பழைய நாணயம் விற்பவர்களிடம் ஜெர்மனியின் இரும்புச் சிலுவைப் பதக்கமும் இப்போது தட்டுப்படுகிறது. "அண்ணாச்சி, எம்டன் கப்பல்காரன் மெடலு. பின்னால 1813-னு போட்டிருக்கு பாருங்க" என்று காட்டுகிறார்கள். ஆனால் ஜெர்மன் போர்க்கப்பலான எம்டன் சென்னையில் குண்டு வீசியது 1914 செப்டம்பர் 22-ல்.

1813 என்பது அன்றைய ஜெர்மானிய அரசுகளில் ஒன்றான பிரஷ்யாவின் மன்னர் இந்தப் பதக்கத்தை ஏற்படுத்திய ஆண்டு. 1870, 1914, 1939 என மறுபடி வழங்கிய மூன்று முறையும், இரண்டாம் வகுப்புச் சிலுவையின் பின்பக்கத்தில் 1813-ஐயே பொறித்தார்கள். காலத்தைச் சொல்வது முன்பக்கத்தின் கீழ்க்கையில் உள்ள ஆண்டுதான். 1813-ன் அசலுக்கு ஒரு பக்கம் வெறுமையாகவே இருக்கும். முதல் உலகப் போரில் இரண்டாம் வகுப்பு மட்டும் சுமார் 50 லட்சம் கொடுத்திருக்கிறார்கள். அபூர்வம் என்று விலையை ஏற்றுவது அநியாயம்.

அசலானது ஒரே துண்டாக வார்த்தது அல்ல. நடுவில் கறுப்பு பூசிய இரும்புத் தகடு. அதை முன்னும் பின்னுமாகக் கவ்விய இரண்டு வெள்ளிச் சட்டங்கள். விளிம்பில் பற்றாசு வைத்து இணைப்பு. நகைப்பட்டறையில் உள்ள பத்து மடங்கு லென்ஸை வாங்கி விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். மயிரிழை போல ஒட்டுக்கோடு ஓடும். அரம் நன்றாகப் போட்டிருந்தால் கைகளின் இடுக்குகளில் மட்டும் தெரியும். சட்டத்தின் உள்ளோரத்துச் சிறு மணிகள் அச்சில் அடித்தவை. ஒவ்வொன்றும் தனித்து நிற்கும். வார்ப்புப் போலியில் மணிகள் ஒன்றோடொன்று இழைந்து கிடக்கும், இடையிடையே ஊசிக்குத்துப் போலக் குழி இருக்கும். உருக்கிய உலோகத்தில் சிக்கிய காற்றுதான் அந்தக் குழி. ஆறும்போது உலோகம் சுருங்குவதால் அளவும் குறையும். 1939-ன் சிலுவை அகலம் சுமார் 44 மி.மீ.; வெர்னியர் அளவுகோலில் அரை மி.மீ. குறைந்தாலே சந்தேகப்படுங்கள்.

காந்தத்தை மட்டும் நம்ப முடியாது. போலியிலும் இரும்பு வைக்கிறார்கள். அசலிலும் பித்தளைத் தகடு வைத்தவை உண்டு. வளையத்தில் உள்ள தயாரிப்பாளர் எண்ணும் அப்படித்தான், யாரும் குத்திவிடலாம். துரு இன்னும் நம்பகமான சாட்சி. தகடும் சட்டமும் சேரும் இடுக்கில் ஈரம் தங்கி, அங்கிருந்துதான் அசலில் துரு கிளம்பும். முகம் முழுக்க ஒரே சீராகப் படிந்த துரு, மருந்து போட்டு வரவழைத்தது.

நாடாவை, கடைகளில் நோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கில் காட்டுங்கள். பளிச்சென்று நீலமாக ஒளிர்ந்தால் நூல் பெரும்பாலும் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தியது. சலவைப் பவுடரில் அலசிய பழைய நாடாவும் ஒளிரும். நாடா மாற்றிய அசல் பதக்கமும் உண்டு. ஆகவே நாடாவை வைத்துப் பதக்கத்தைத் தள்ளிவிடாதீர்கள்.

நடுவில் மூன்று ஓக் இலையும் கீழே 1939-ம் இருந்தால், அது, 1939-ன் அசலில் நடுவில் இருந்த நாஜிச் சின்னமான ஸ்வஸ்திகாவை நீக்கி அணிய மேற்கு ஜெர்மனி 1957-ல் சட்டம் கொண்டுவந்த பிறகு செய்தது. அது போலி அல்ல, ஆனால் போர்க்காலத்ததும் அல்ல.

வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருந்தால் தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள். புளிப்பு பழைய கறுப்புப் பூச்சைத் தூக்கி, இரும்பில் புதுத் துருவைக் கிளப்பிவிடும். வெள்ளிக் குத்துவிளக்குக்குப் போடுவது போலத் திருநீறும் வேண்டாம். இடுக்கில் வெள்ளையாக ஒட்டி, ஒட்டுக்கோட்டையே மறைத்துவிடும். உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து, பிளாஸ்டிக் உறையில் போடாமல் காகிதத்தில் சுற்றி வையுங்கள்.

இப்படிக்கு,
பழம்பதக்கம் சேகரிப்போர் சிலர்,
பாளையங்கோட்டை.