காப்பாற்றப்பட்ட ஒரு காத்திருப்புக் கூடம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் பயணப் பகுதியில் விமான நிலைய லவுஞ்சுகளைப் பற்றி வெளிவந்த கட்டுரையில், நியூயார்க் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்தில் உள்ள டி.டபிள்யூ.ஏ. லவுஞ்ச் "1960களின் பாணியில் அலங்கரிக்கப்பட்ட இடம்" என்று இரண்டு வரிகளில் குறிப்பிடப்பட்டிருந்தது. பொதுப்பணித் துறையில் கட்டடப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மகள் வீட்டுக்குச் சென்றிருந்தபோது அந்தக் கூடத்தில் ஒரு பிற்பகல் முழுவதும் உட்கார்ந்திருந்தேன். அதனால் அந்த இரண்டு வரிகளோடு விட்டுவிட மனம் ஒப்பவில்லை.

அது பழமை தோன்றும்படி இன்று அமைக்கப்பட்ட இடம் அன்று. டிரான்ஸ் வேர்ல்ட் ஏர்லைன்ஸ் (டி.டபிள்யூ.ஏ.) என்ற விமான நிறுவனம் 1962 மே 28 அன்று தன் பயணிகளுக்காகத் திறந்த முனையம்தான் அது. பின்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் பெயர் பெற்ற கட்டடக் கலைஞர் ஈரோ சாரினென் அதை வடிவமைத்தார்; ஆனால் திறப்பு விழாவைக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1961 செப்டம்பரில், 51 வயதில் அவர் காலமானார். பயணத்தின் பரபரப்பையும் மகிழ்ச்சியையும் கட்டடமே சொல்ல வேண்டும் என்பது அவருடைய எண்ணம். உள்ளே நுழைந்தவுடன் அந்த எண்ணம் யாருக்கும் விளங்கும்.

கூரை, சிப்பி ஓடு போல வளைந்த நான்கு பெரிய கான்கிரீட் ஓடுகளாக விரிந்து, ஒய் எழுத்து வடிவிலான நான்கு பெரிய தாங்குதூண்களில் இறங்கி நிற்கிறது. ஓட்டுக்கும் ஓட்டுக்கும் இடையே விடப்பட்ட நீண்ட இடைவெளிகளில் கண்ணாடி பதித்திருப்பதால், அத்தனை கனமான கூரையின் நடுவிலிருந்து வெளிச்சம் கோடுகோடாக இறங்குகிறது. நேரான பீம் ஒன்றுக்கு சென்ட்ரிங் அடிப்பதிலேயே எத்தனை தவறுகள் நேரும் என்பதை வேலைத்தளங்களில் பார்த்தவன் நான். எல்லாப் பக்கமும் வளைந்த ஒரு கூரைக்கு, கணினி வரைபடம் இல்லாத அந்தக் காலத்தில் பலகை அடித்த தச்சர்களின் கைத்திறனை எண்ணி நெடுநேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வரைபடத் தாளில் மட்டும் அடங்காத வடிவம் என்பதால், சாரினெனின் அலுவலகத்தில் தலையை உள்ளே நுழைத்துப் பார்க்கும் அளவுக்குப் பெரிய மாதிரிகளைச் செய்து, அவற்றைக் கொண்டே வளைவுகளை முடிவு செய்தார்கள்.

தரை முழுவதும் விரல் நகம் அளவே உள்ள வட்டமான வெள்ளைச் சில்லுகள் பதிக்கப்பட்டுள்ளன. அந்தச் சில்லுகள் தரையோடு நிற்காமல் அப்படியே மேலேறிச் சுவராகவும், திண்ணை போன்ற இருக்கையாகவும், படிக்கட்டின் ஓரமாகவும் வளைந்து போகின்றன. சுவரும் தரையும் சந்திக்கும் மூலை என்று ஒன்றைத் தேடினாலும் எளிதில் அகப்படவில்லை. பெயர்ந்துபோன சில்லுகளுக்குப் பதிலாகப் பழைய அளவிலும் நிறத்திலும் தனியே செய்வித்துப் பதித்திருக்கிறார்கள். நான் குனிந்து விரலால் தடவிப் பார்த்தும் புதியது எது, பழையது எது என்று பிரித்தறிய முடியவில்லை. மராமத்து வேலைக்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

நடுவில் சில படிகள் கீழிறங்கினால், மிளகாய்ப் பழச் சிவப்பில் கம்பளமும் மெத்தை இருக்கைகளும் கொண்ட பள்ளக் கூடம் இருக்கிறது. கட்டுரை லவுஞ்ச் என்று குறிப்பிட்டது இதைத்தான். எதிரே உயர்ந்து நிற்கும் சாய்வான கண்ணாடிச் சுவர். பக்கத்தில் இத்தாலியின் சொலாரி நிறுவனம் செய்த பலகை ஒன்று, எழுத்துத் தகடுகள் சடசடவென்று புரள, ஊர்ப் பெயர்களை மாற்றிக் காட்டுகிறது. அந்தச் சத்தம் கேட்டு அங்கிருந்த சிறுபிள்ளைகள் எல்லோரும் ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். அந்தக் கண்ணாடி வழியே அக்காலத்தில் ஓடுபாதையும் விமானங்களும் தெரிந்தன. 2008-இல் இதன் பின்புறத்தை வளைத்துக்கொண்டு ஐந்தாம் முனையம் எழும்பியதால் அந்தக் காட்சி மறைந்துவிட்டது. அதை ஈடு செய்வதுபோல, 1958-இல் தயாரான லாக்ஹீட் கான்ஸ்டலேஷன் விமானம் ஒன்றைக் கண்ணாடிக்கு வெளியே நிறுத்தி, அதன் வயிற்றுக்குள் மதுக்கூடம் நடத்துகிறார்கள். மூன்று வால் துடுப்புகள் கொண்ட அந்த விமானம் பயணிகள் சேவையிலிருந்து விலகிய பின் அலாஸ்காவுக்குச் சரக்கு ஏற்றியது, போதைப்பொருள் கடத்துபவர்கள் கையிலும் சிக்கியது, மேய்ன் மாநிலத்தில் வெயிலிலும் பனியிலும் கிடந்தது. அதை மீட்டுச் செப்பனிட்டு, 2019 மார்ச்சில் டைம்ஸ் சதுக்கத்தின் வழியாகச் சாலையிலேயே கொண்டுவந்தார்கள். ஏர் இந்தியாவின் முதல் பன்னாட்டு விமானமாக 1948 ஜூன் 8 அன்று பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டனுக்குப் பறந்த 'மலபார் பிரின்சஸ்' இந்தக் கான்ஸ்டலேஷன் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். சிறுவயதில் படத்தில் மட்டும் கண்ட அந்த வளைந்த உடலை நேரில் பார்த்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை.

இவை யாவும் இன்று இருப்பதற்குக் காரணம் அலங்காரம் செய்தவர்களின் ரசனை அன்று, சட்டம். பெரிய ஜெட் விமானங்கள் வந்தபின் இந்த முனையம் கூட்டத்துக்குப் போதவில்லை. 2001-இல் டி.டபிள்யூ.ஏ. நிறுவனத்தை அமெரிக்கன் ஏர்லைன்ஸ் வாங்கியது, அவ்வாண்டு அக்டோபரில் முனையமும் மூடப்பட்டது. ஆனால் அதற்கு முன்பே, 1994-இல், நியூயார்க் நகரின் பாரம்பரியச் சின்னப் பாதுகாப்பு ஆணையம் இதன் வெளிப்புறத்தை மட்டுமல்லாமல் உட்புறத்தையும் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்திருந்தது. கட்டி முடித்து 32 ஆண்டுகளே ஆன ஒரு கட்டடத்துக்கு அந்தத் தகுதியை அளித்தார்கள் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

இதே விமான நிலையத்தில் அப்படிப்பட்ட பாதுகாப்பு இல்லாத கட்டடங்களுக்கு என்ன நேர்ந்தது என்பதையும் கட்டுரையாளர் சேர்த்திருக்கலாம். குடை விரித்ததுபோன்ற கூரையோடு 1960-இல் திறக்கப்பட்ட பான் ஆம் விமான நிறுவனத்தின் முனையத்தை 2013-இல் இடிக்கத் தொடங்கினார்கள். உலகப் புகழ் பெற்ற கட்டடக் கலைஞர் ஐ.எம்.பெய் நேஷனல் ஏர்லைன்ஸ் நிறுவனத்துக்காக வடிவமைத்த முனையம் 2011-இல் இடிக்கப்பட்டது. அவற்றுக்காகவும் குரல் கொடுத்தவர்கள் இருந்தார்கள், கட்டடங்கள்தான் நிற்கவில்லை. டி.டபிள்யூ.ஏ. முனையமும் பதினேழு ஆண்டுகளுக்கு மேல் பயணிகள் இன்றிக் கிடந்தது. ஆனால் இடிக்க முடியாது என்பதனால் அதற்கு என்ன பயன் காண்பது என்று யோசித்தாக வேண்டிய கட்டாயம் ஏற்பட்டது. முடிவில் இரு பக்கமும் புதிய கட்டடங்களை எழுப்பி, 512 அறைகள் கொண்ட விடுதியாக்கி, பழைய முனையத்தை அதன் வரவேற்புக் கூடமாக வைத்து 2019 மே 15 அன்று திறந்தார்கள். ஓடுபாதையின் இரைச்சல் அறைக்குள் புகாதிருக்க 4.5 அங்குல கனத்தில் கண்ணாடிச் சுவர் அமைத்தார்கள். பழைய கூடத்தின் மேல் கைவைக்காமல் புதிய தேவையைப் பக்கத்தில் கட்டிக்கொண்டது சரியான பொறியியல் முடிவு என்றே கருதுகிறேன்.

கட்டுரையில் வந்த மற்ற லவுஞ்சுகளோடு இதை ஒரே வரிசையில் வைத்ததும் பொருந்தவில்லை. அவற்றுக்குள் நுழைய உயர் வகுப்புப் பயணச்சீட்டோ, குறிப்பிட்ட வங்கி அட்டையோ வேண்டும். இங்கே வாசலில் எவரும் எதையும் கேட்பதில்லை. அறை எடுத்திருக்க வேண்டியதில்லை, அன்று விமானம் ஏற வேண்டியதும் இல்லை. தொடக்கத்திலிருந்தே இந்தச் சிவப்புக் கூடம் எல்லா வகுப்புப் பயணிகளும் உட்காரும் பொது இடமாகத்தான் இருந்தது; சலுகை பெற்றவர்களுக்கான அறை தனியே மாடியில் இருந்தது. நான் சென்ற அன்று சூட்கேஸோடு வந்தவர்கள், கட்டடக் கலை மாணவர்கள், பேரப்பிள்ளைகளை அழைத்து வந்த பெரியவர்கள் என எல்லாத் தரப்பினரும் அந்த வளைவான திண்ணைகளில் அமர்ந்திருந்தார்கள். பானங்களின் விலை அதிகம்தான். ஆனால் சுற்றிப் பார்ப்பதற்குக் காசில்லை. விமானப் பணியாளர்களின் பழைய சீருடைகளை வைத்திருக்கும் சிறு கண்காட்சிக்கும் கட்டணம் கேட்கவில்லை.

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா செல்லும் நம் வாசகர்களுக்கு ஒரு தகவல். கென்னடி விமான நிலையத்தில் எந்த முனையத்தில் இறங்கினாலும், குடியேற்றச் சோதனையும் பெட்டிகளும் முடிந்தபின் முனையங்களை இணைக்கும் ஏர் டிரெய்ன் ரயிலில் ஐந்தாம் முனையத்துக்கு வரலாம். முனையங்களுக்கு இடையே அதற்குக் கட்டணம் இல்லை. அங்கிருந்து, முன்பு பயணிகள் விமானம் ஏறச் சென்ற வளைந்த குழாய்ப் பாதை வழியாகவே கூடத்துக்குள் நடந்து வந்துவிடலாம். அடுத்த விமானம் ஏற வேண்டியவர்கள் மறுபடியும் பாதுகாப்புச் சோதனைக்கு நிற்க வேண்டியிருக்கும் என்பதால் நான்கைந்து மணி நேரமாவது கையில் இருந்தால்தான் இதற்கு முயல வேண்டும்.

கட்டுரையோடு வந்த படத்தில் சிவப்பு இருக்கைகளும் கோப்பைகளும் மட்டுமே இருந்தன. கூரை ஓடுகள் நான்கும் கூடும் இடத்தையும், அவற்றைத் தாங்கும் தூண்களில் ஒன்றையும் அடுத்த இதழ்களில் ஏதேனும் ஒன்றில் பெரிதாக வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். நம் ஊர்க் கட்டடக் கலை மாணவர்கள் அவற்றைப் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி